வெண்ணெய்க்கு வாய்த்த காவலாளி

மருந்து சாப்பிடுகிறவர்களில் பல ரகம் உண்டு. நோய் தீரட்டும் என்று சாப்பிடுகிறவர்கள் ஒரு ரகம். மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று சாப்பிடுகிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களை விட்டுவிடுங்கள். மருந்தை லைசென்ஸாக வாங்குகிற ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்ப்போம். எந்த ஊரிலும் இருப்பார் என்றாலும், வெண்ணெயும் மாரடைப்பும் குடும்பச் சொத்தாக வரும் கிழக்குப் பின்லாந்தில் அவர் இன்னும் கொழுகொழுவென்று விளைவார்.

யோயென்சூ நகரத்துத் தௌனோ, மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டதென்று டாக்டர் அம்மாள் நிதானமாகத்தான் சொன்னார். "இந்த மாத்திரைய தினமும் போடுங்க. வெண்ணெயக் குறைங்க. வேணும்னா தாவர ஸ்டெரால் மாத்திரையும் சாப்பாட்டோட எடுத்துக்கலாம். கொஞ்சம் கைகொடுக்கும்."

தௌனோவின் காதில் கடைசிப் பகுதி மட்டும் விழுந்தது. அதிலும் 'கொஞ்சம்' வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டது.

அன்று முதல் அவர் பேசினார். செடியிலிருந்து எடுத்த அந்தப் பொருள், கொலஸ்ட்ராலுக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற சாயல் கொண்டது என்றும், நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுவார்களே அதுபோலக் குடலில் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடும் என்றும், நிற்க இடமில்லாத கொலஸ்ட்ரால் பின்வாசல் வழியாகப் போய்விடும் என்றும், சௌனா என்னும் நீராவிக் குளியலறையில் வேர்த்து வழிந்துகொண்டிருந்த, ஓடவும் முடியாத மனிதர்களிடம் விளக்கினார். சொன்னது பொய்யா? பொய்யில்லை. அதுதான் வம்பு.

வீட்டில், அரிசிக் கஞ்சி அடைத்த கரேலிய அடையின் மேல் முட்டை பிசைந்த வெண்ணெயை அவர் குவிப்பதை மனைவி ஹில்க்கா பார்த்தாள்.

"இதுக்கு மேல வச்சா அடை தெரியாது."

"உள்ள காவலுக்கு ஆள் நிறுத்தியிருக்கேன், ஹில்க்கா."

"அந்த ஆளுக்கும் சேர்த்தா சாப்பிடுற?"

ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு என்று டாக்டர் தந்த மாத்திரையையும் நிறுத்தினார். அதை ரகசியமாக வைத்திருந்தாலாவது புண்ணியம். சௌனாவில் மேல் பலகையில் உட்கார்ந்து அறிவித்தார். கீழ்ப் பலகையில் இருந்தவர் ஒன்னி, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், அதிகம் பேசாதவர். கேட்டுக்கொண்டார்.

மார்ச் மாதம் ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது. இருவரும் பனிக்கட்டியில் துளை போட்டு மீன்பிடித்துக்கொண்டிருந்தார்கள். தௌனோ குடலின் அமைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் ஒன்னியின் தூண்டில் பனியில் கிடந்தது. ஒன்னி நெஞ்சை அழுத்திக்கொண்டு, சாம்பல் நிற முகத்தோடு மடங்கியிருந்தார்.

ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, சாமான் ஏற்றிவந்த சறுக்கு வண்டியில் ஒன்னியைப் படுக்கவைத்துத் தௌனோ கரைவரைக்கும் இழுத்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத தௌனோவை அந்த ஊர் பார்த்ததே இல்லை.

ஒன்னி பிழைத்துக்கொண்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில், கட்டிலருகே தொப்பியைக் கசக்கிக்கொண்டு தௌனோ உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார் ஒன்னி. "நீ சொன்ன செடி மாத்திரைதான் சாப்பிட்டேன்."

"அடப்பாவி, நிறுத்தினத என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. நீ பேசிக்கிட்டிருந்த."

தௌனோ தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். அங்கிருந்து நேரே டாக்டர் அம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"அது துணைக்கு வர்ற ஆள் தௌனோ. பத்துல ஒரு பங்கு குறைச்சாலே பெரிசு. மிச்சம் மாத்திரையும் உங்க வாயும்தான் பார்த்துக்கணும்."

"வாய்னா, சாப்பிடறதா, பேசறதா?"

"ரெண்டும்."

இரண்டையும் குறைத்தார். எழுதித் தந்த மாத்திரையோடு செடி மாத்திரையும் உள்ளே போயிற்று. அடுத்த பரிசோதனையில் கொழுப்பும் இறங்கியது. இறங்கிய சந்தோஷத்தில், ஓட்ஸ் தவிட்டின் மகிமையைப் பற்றி அண்மையில் பேசத் தொடங்கியிருக்கிறார். ஒன்னி இப்போது எழுந்து வெளியே போய்விடுகிறார்.

இதெல்லாம் எங்கோ பனி தேசத்துக் கதை, உங்களுக்கு என்ன? காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் குடித்தாயிற்று, பக்கத்து வீட்டுக்காரருக்கும் சிபாரிசு செய்தாயிற்று. அந்தத் தைரியத்தில் நீங்கள் சொன்ன நெய் ரோஸ்ட் அதோ வருகிறது. கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.