பஸ்லியாவின் பாசறையும் என் கணுக்காலும்

கல்முனைக்குடி,
03.08.2010.

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய ஸாலிஹா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஹாஜறாவும் மகள் பஸ்லியாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகமாக இருக்கிறோம். என் வலது கணுக்கால் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றிக் கீழே வருகிறது. தெமட்டகொடையில் நீங்களும் மச்சானும் பிள்ளைகளும் எல்லாக் கணுக்காலும் சரியாக இருந்து நோன்பை வரவேற்க வேண்டும் என்று துஆச் செய்கிறேன்.

இது உங்களுக்கு நன்றி சொல்லும் கடிதம். போன மாதம் இதே மேசையில் இருந்து உங்களை ஏசி நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கொழும்பில் இருந்துகொண்டு என் பிள்ளைக்குச் சாரணியர் சீருடையும் விசிலும் அனுப்பி ஆசை காட்டியது நீங்கள்தான் என்று அது தொடங்கும். நேற்று அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். ஏன் எழுதினேன், ஏன் கிழித்தேன் என்று முழுக்கச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

ஜூலை தொடக்கத்தில் ஒரு நாள் பஸ்லியா பாடசாலை விட்டு வந்து புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல், "வாப்பா, என்னக் கேம்புக்குக் கூப்பிட்டிரிக்கி" என்றாள். ஹாஜறா கையில் இருந்த அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள். ராத்தா, கொழும்பில் எப்படியோ தெரியாது, எங்கள் ஊரில் இருபத்தைந்து வருடமாகக் கேம்ப் என்றால் இரண்டே இரண்டு கேம்ப்தான். ஒன்று துவக்கோடு நிற்பவர்கள் இருக்கும் கேம்ப். அங்கே கூப்பிட்டால் அடையாள அட்டையோடு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மற்றது வீட்டை இழந்தவர்கள் இருக்கும் கேம்ப். "பன்னிரண்டு வயசுப் புள்ள, அவங்களுக்கு என்ன செஞ்சிட்டா?" என்று ஹாஜறா வைத்த சத்தம் மதிலைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டு முகைதீன்பாவா காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "சண்ட முடிஞ்சி ஒரு வருஷமாகிட்டு, இன்னும் என்ன விசாரண? பயப்படாத, நானும் வாறன், போய்க் கதைப்பம்" என்று என்னைத் தேற்றினார். நான் அடையாள அட்டையைத் தேடத் தொடங்கிவிட்டேன். நடுவில் நின்ற பஸ்லியா உங்கள் விசிலை எடுத்து ஊதினாள். எல்லோரும் அடங்கியதும், "இது சாரணியர் பாசறை! கூடாரம் அடிச்சி, நாங்களே ஆக்கித் திண்டு, மூணு நாள் இரிக்கிற" என்றாள். முகைதீன்பாவா காக்கா கொஞ்சம் ஏமாந்த முகத்தோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனார், என் பயம் போகவில்லை. கூடாரம் என்ற சொல்லை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சுனாமியில் கடல் வந்து போய், உம்மாவை அடக்கிய மூன்றாம் நாள் எங்களுக்குத் தந்த வெள்ளைக் கூடாரத்தில் நாங்கள் எட்டு மாதம் இருந்தவர்கள். பகலில் உள்ளே இருந்தால் அவிந்துபோவோம், மழை பெய்தால் பாயோடு எழும்பி நிற்போம். பஸ்லியாவுக்கு அப்போது ஆறு வயது. "எப்ப வாப்பா ஊட்ட போற?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும்தான் இருந்தது, அதை எப்படி அவளுக்குச் சொல்வது? அப்படி இருந்தவர்களின் பிள்ளை, விளையாட்டுக்காகக் கூடாரத்தில் போய்ப் படுக்கப் போகிறேன் என்றால் எனக்குப் புத்தி பேதலிக்காதா?

பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். எங்கள் பாடசாலையும் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையும் சேர்ந்து நடத்தும் பாசறை இது, பொறுப்பு நிரோஜினி மிஸ். தமிழ்ப் பாடசாலை டீச்சர், மெலிந்த ஆள், குரல் மட்டும் ஒலிபெருக்கி. நான் எழும்பி என் யோசனையைச் சொன்னேன். பாசறையைப் பாடசாலை மண்டபத்திலேயே வைப்போம், கதவை உள்ளே பூட்டுவோம், மெத்தை போடுவோம், மின்விசிறி இருக்கிறது, ஹோட்டலில் புரியாணி எடுப்போம், உம்மாமாரும் கூட இருக்கட்டும் என்றேன். வாப்பாமார் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அது கலியாண வீடு காக்கா. கேம்ப் இல்ல" என்றார் மிஸ்.

"அப்ப எதுதான் மிஸ் கேம்ப்?"

"பிள்ளைகள் தாங்களே கட்டி, தாங்களே சமைச்சி, தாங்களே காவல் இருக்கிறது. பெரியாக்கள் கை வைச்சா அது கேம்ப் இல்ல."

"பாம்பு வந்தா?"

"கால் வைக்க முதல் பார்க்கணும் எண்டு சொல்லிக் குடுத்திருக்கன்."

"யானை?"

"யானைக்கு நெல்லுத்தான் வேணும் காக்கா. உங்கட மகள் வேணாம்."

சபை சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அன்று பின்னேரம்தான் நீங்கள் மிஸ்ஸை அடக்குவீர்கள் என்ற நம்பிக்கையில் உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "தம்பி, பயம் உனக்கு. அதப் புள்ளைட தலையில ஏத்தாத. கையெழுத்தப் போடு." போட்டேன். போட்டுவிட்டுத்தான் அந்த நாலு பக்கக் கடிதத்தை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இருபத்திரண்டு பிள்ளைகளும் பஸ்ஸில் போனார்கள். கல்முனையிலிருந்து அம்பாறைப் பக்கமாகப் பத்து மைல், வயலும் குளமும் சூழ்ந்த ஒரு சின்னப் பாடசாலையின் மைதானம். போன வருடம் வரைக்கும் பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் அந்தப் பாதையில் சைக்கிள்கூட மிதித்ததில்லை. இப்போது பாட்டுப் படித்துக்கொண்டு பிள்ளைகள் போகிறார்கள். அதைப் பார்த்துச் சந்தோஷப்படத்தான் வேண்டும். நான் பட்டேன், ஒரு நாள். சனிக்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டு லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் மெத்தை மூன்று, காஸ் அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, நுளம்புத்திரி ஒரு பெட்டி, மேசை விசிறி, என் இரும்புக் கடையில் இருந்த கயிற்றில் நல்லதாக ஒரு சுருள், எல்லாம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அங்கே மின்சாரம் இல்லை என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. வந்தது வந்துவிட்டது என்று விசிறியையும் கொண்டு போனேன்.

மைதானத்து வாசலில் தடியோடு ஒரு பிள்ளை காவல் நின்றது. பெயர் உசாந்தினி, தமிழ்ப் பாடசாலைப் பிள்ளை, என் இடுப்பு உயரம்.

"ஆர் அங்கிள் நீங்க?"

"பஸ்லியாட வாப்பா."

"வாப்பாமாருக்கு நாளைக்கு மூண்டு மணிக்குத்தான் நேரம்."

எத்தனையோ சோதனைச் சாவடியில் நின்றவன் நான், ராத்தா. இவ்வளவு மரியாதையாக என்னை ஒருவரும் மறித்ததில்லை. நான் கயிறு கொண்டு வந்த வியாபாரி என்று சொல்லிப் பார்த்தேன். அது விசில் ஊதியது. நிரோஜினி மிஸ் வந்து பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன காக்கா, ஊடு மாறுறீங்களா?"

சாமான் ஒன்றும் உள்ளே வரக்கூடாது, பத்து நிமிடம் நான் மட்டும் வரலாம் என்றார். போனேன். நாலு கூடாரம் நின்றன. எட்டு மாத அனுபவம் உள்ளவன் சும்மா இருப்பேனா? பஸ்லியாவின் கூடாரத்துக்குள் தலையை விட்டு, இந்த மூலை சரியில்லை, அந்த முளை சாய்ந்து நிற்கிறது என்று இரும்புக் கடைக்காரன் கணக்கில் குறை சொன்னேன். "வாப்பா, தொடாதீங்க, கச்சான் அடிக்கிது" என்றாள். காற்று அடிப்பதால்தான் சரியாக அடிக்க வேண்டும் என்று சொல்லி, வெளியே வந்து ஒரு முளையைப் பிடுங்கினேன். பிறகு உள்ளே நுழைந்து நடுக்கம்பைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஆடி மாதத்துக் கச்சான் காற்று இதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு அடி அடித்தது. கம்பு சாய்ந்தது, நான் விழுந்தேன், கூடாரம் என் மேல் விழுந்தது.

இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று ஹாஜறாவுக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். முகத்தில் அந்தத் துணி ஒட்டியது, அதே சூடு, அதே வாடை. உம்மாவின் முகம் வந்தது. வாயில் கலிமா வந்தது. கை கால் எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. அப்போது வெளியே விசில் சத்தம். "காத்துப் பக்கக் கயிற முதல்ல அவுங்க! உசா, நீ அந்த மூலையப் புடி!" என்று ஒரு குரல். அது என் மகளின் குரல் என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. பிறகு துணிக்குக் கீழால் ஊர்ந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"அசையாதீங்க வாப்பா. நான் இஞ்ச இரிக்கன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

"இது அந்தக் கூடாரம் இல்ல வாப்பா. அது தந்தது. இது நாங்க கட்டினது. நாளைக்கு நாங்களே அவுத்து மடிச்சிட்டு ஊட்ட போயிருவம். ஊடு இரிக்கிதானே?"

"ஓம் மகள்" என்றேன். "ஊடு இரிக்கி."

ஆறு வயதில் ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பன்னிரண்டு வயதில் எனக்கே பதில் சொல்லிவிட்டாள். நிரோஜினி மிஸ் கூட்டத்தில் சொன்னதைவிட இது எனக்கு நன்றாக விளங்கியது. திரும்பிப் போக வீடு இருப்பவர்கள் அடிப்பதுதான் கேம்ப் போலும். அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்கு இருக்கிறது.

துணியைத் தூக்கினார்கள். கணுக்கால் வீங்கியிருந்தது. மிஸ் ஓடி வந்து பார்த்துவிட்டு, என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், முகம் மலர்ந்து, "நல்ல நேரம் வந்தீங்க காக்கா! முதலுதவிச் சோதினைக்கு இண்டைக்கு நோயாளி இல்லாம இருந்தன்" என்றார். எட்டுப் பிள்ளைகள் எட்டுத் துணியோடு வந்தன. காலில் ஒரு கட்டுப் போதும் என்றேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கட்டு வேண்டுமாம். கால், கை, தலை, நாடி என்று கட்டி முடிக்கும்போது அசையக்கூடியது என் கண் மட்டும்தான். எட்டுப் பேரும் சோதினையில் சித்தியடைந்தார்கள். நாடிக்கட்டை அவிழ்த்துவிட்டுச் சோறு தந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக மரக்கறிதான். சோறு ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் அரிசி, பருப்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. பஸ்லியாவும் உசாந்தினியும் சேர்ந்து ஆக்கியது. "எப்பிடி?" என்று இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராத்தா, வல்லாஹி, நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு மிஸ்ஸுக்கு நன்றி சொல்லி, நொண்டி நொண்டி லாண்ட்மாஸ்டரில் ஏறி நேராக வீடு வந்து சேர்ந்தேன். பயம் என்ற சாமானை அங்கேயே இறக்கி வைத்துவிட்டேன். அன்றைக்கு இஷாத் தொழுதுவிட்டுப் படுத்தவன் ஸுப்ஹு வரை புரண்டுகூடப் படுக்கவில்லை. நான் இப்போது வேறு மனிதன். வேண்டுமானால் ஹாஜறாவிடம் கேட்டுப் பாருங்கள். அல்லது வேண்டாம், அவளுக்கு நோன்புக்கு அரிசி இடிக்கும் வேலை இருக்கிறது.

ஆகவே ராத்தா, சீருடைக்கும், விசிலுக்கும், அன்று போனில் ஏசியதற்கும் நன்றி. நிரோஜினி மிஸ்ஸுக்காகவும் அந்த இருபத்திரண்டு பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள். மச்சானுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு என் முத்தம். அல்லாஹ் உங்கள் வீட்டில் பறக்கத்தை இறக்குவானாக.

இப்படிக்கு,
பயம் தெளிந்த உங்கள் தம்பி,
கச்சிமுகம்மது.

பி.கு.: மாமி, இது பஸ்லியா எழுதுவது. தபாலில் போடும்படி வாப்பா தந்தார், உறை ஒட்டியிருக்கவில்லை, வாசித்துவிட்டேன். சனிக்கிழமை வாப்பா வீட்டுக்குப் போகவே இல்லை. மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம், வயல் நடுவில் கூரை பாதி இல்லாத ஒரு காவல் வாடி இருக்கிறது. லாண்ட்மாஸ்டரையும் மெத்தைகளையும் ரோட்டோரமே விட்டுவிட்டு, விடியும்வரை அதற்குள்தான் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். அவர் இருமியது எங்கள் நாலு கூடாரத்துக்கும் கேட்டது. "ஒருத்தரும் காணாத மாதிரி இருங்க, அவருக்கு வெக்கமாப் போயிரும்" என்று மிஸ் சொன்னா. காலையில் நானும் உசாந்தினியும் வேலிக்கட்டையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தோம். பிறகு போய்ப் பார்த்தால் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. தன்னந்தனியாக, பாயும் இல்லாமல், பாம்புக்கும் யானைக்கும் நடுவில் இருந்தாரே, "இந்த முறை உண்மையான கேம்ப் அடிச்சது உங்கட வாப்பா ஒரு ஆள்தான்" என்று மிஸ் என்னிடம் சொன்னா. இதை நான் எழுதினதாக வாப்பாவிடம் சொல்ல வேண்டாம்.