மந்தைவெளியின் மாமருந்து

சர்க்கரை நோய்க்கு உலகமே மருந்து தேடிக்கொண்டிருக்க, எங்கள் மந்தைவெளிப் பூங்கா காலை நடைப்பயிற்சிக் குழு அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. மருந்தின் பெயர் சிதம்பரநாதன்.

தினமும் ஒரு சுற்று நடந்துவிட்டு அவரை 'நலம்' விசாரிப்போம்.

"சர்க்கரை எவ்ளோ ஓய்?"

"அதே முன்னூத்திப் பத்துதான்."

"அடடா!" என்று உச்சுக்கொட்டும்போதே எங்களுக்கு உடம்பில் ஒரு தெம்பு வரும். இருநூற்று நாற்பதுக்காரனான நான் பயில்வான் மாதிரி நெஞ்சை நிமிர்த்துவேன். பிறகு எதிர்க்கடையில் நெய்ப்பொங்கல், வடை, ஜாங்கிரி. பக்கவிளைவே இல்லாத சிகிச்சை!

ஆதம்பாக்கத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, போன திங்கட்கிழமை அவர் திரும்பி வந்தார். ஆவலோடு சூழ்ந்துகொண்டோம்.

"நூத்தி இருபது," என்றார்.

குழுத் தலைவர் சுந்தரராமன் ஒப்புக்கொள்ளவில்லை. "மெஷின் ரிப்பேரா இருக்கும். பேட்டரி மாத்திப் பாரும்."

"இல்ல சார். சர்க்கரை குறையலைன்னா கால் விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். பயத்துல ஸ்வீட்டையே தொடல."

சிமெண்டு பெஞ்சில் அவசரக் கூட்டம் கூடியது. 'உறுப்பினர் நலனைக் கருதாமல் தன்னிச்சையாகக் குணமடைந்ததற்கு' நான் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தேன். இன்னொரு உறுப்பினரான நெடுஞ்செழியன் வழிமொழிந்துவிட்டு, சிதம்பரநாதனிடம் முறையிட்டார்.

"நாங்க தெம்பா இருந்ததே உங்களாலதான் சார். இப்படிப் பண்ணிட்டீங்களே!"

சமரச முயற்சியாக ஒரு ஜாங்கிரி நீட்டப்பட்டது. சிதம்பரநாதன் கும்பிடு போட்டு மறுத்துவிட்டார்.

"நாலு வருஷமா எவ்ளோ எவ்ளோன்னு கேட்டீங்களே, டாக்டர்கிட்ட போனீரான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் நிராகரிக்கப்பட்டது.

"சரி, அடுத்தபடியா யாருக்கு ஜாஸ்தி?" என்றார் சுந்தரராமன். எல்லோர் கண்களும் என் பக்கம் திரும்பின. ஏகமனதாகத் தேர்வானேன்.

இப்போது தினமும் என்னை விசாரிக்கிறார்கள். இருநூற்று நாற்பது என்றதும் அவர்கள் முகத்தில்தான் என்ன களை! எனக்கோ ஒரு வாரமாகக் கால் கட்டைவிரல் மரத்துக் கிடக்கிறது. பயமாக இருக்கிறது. இன்று காலை அதைச் சொல்லிவிட்டேன்.

சுந்தரராமன் கண் கலங்கிவிட்டார். இருப்பதிலேயே பெரிய ஜாங்கிரியாகப் பார்த்து எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார்.

"ஒண்ணும் ஆகாது, சாப்பிடும். நீர் என்னிக்கும் இப்படியே இருக்கணும் ஓய்!"