பத்துக்கு எட்டில் மாமா இல்லை

ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நம்பத் தொடங்கிவிட்டால், அவனுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். என்னை அப்படி முதலில் நம்பியவர் என் தாய்மாமா. நம்பியதற்கு முதலில் அனுபவித்தவரும் அவர்தான்.

தியாகதுருகத்தில் என் தங்கை செல்விக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. கச்சிராயபாளையத்தில் கரும்பு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, பந்தல் முதல் பந்தி வரை இழுத்துப்போட்டுச் செய்தவர் மாமா. மீசைக்குச் சாயம், பட்டுச் சட்டை, கையில் புது வாட்ச். (வாட்ச்சை மறந்துவிடாதீர்கள். பின்னால் அது ஒன்றுதான் மிஞ்சப்போகிறது.)

ஆல்பத்தை நானே தயார் செய்கிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். போட்டோகிராபர் படங்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, "கேமரா கார்ட அழிச்சிடுவேங்க, ஒரு காப்பி எடுத்து வச்சிக்கங்க" என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கள்ளக்குறிச்சி போட்டோ லேப்பில், "பத்துக்கு எட்டு சைஸுக்கு வெட்டிக் குடுங்க, அப்படியே பிரிண்ட் போட்டுடலாம்" என்றார்கள். கேமராவில் எடுத்த படம் அதைவிட அகலம். இரண்டு பக்கமும் கொஞ்சம் கழித்தால்தான் பேப்பருக்குப் பொருந்தும். பென்டிரைவிலேயே முதல் படத்தைத் திறந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் வரும்படி வெட்டினேன். ஓரத்தில் போனது ஒரு ஃபேனும் பாதி வாழைமரமும்தான். அதே அளவில் எல்லாப் படங்களையும் ஒரேயடியாக வெட்டித்தரும் வசதி இருந்தது. அழுத்தினேன். பழைய படங்களுக்கு மேலேயே சேமிக்கட்டுமா என்று கேட்டது. இடம் மிச்சமாகுமே என்று அதற்கும் சம்மதித்தேன். வெட்டியதில் ஒன்றையாவது திறந்து பார்த்தேனா? இல்லை. நேராக லேப்புக்குப் போய்விட்டேன்.

ஆடிக்குச் செல்வியை அழைத்து வந்திருந்தோம். மாமா கல்வராயன் மலைப் பலாப்பழம் ஒன்றை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "ஆல்பம் வந்துடுச்சாமே, குடு பாக்கலாம்" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கல்யாணத்தன்று ஒவ்வொரு கூட்டமாகச் சொந்தக்காரர்களை மேடைக்கு அழைத்து வந்து நிறுத்தியவர் மாமா. அழைத்து வந்தவர் ஓரத்தில்தானே நிற்பார்? எல்லாப் படத்திலும் ஓரத்தில்தான் நின்றிருக்கிறார். அதாவது, நின்றிருந்தார்.

முதல் பக்கத்தில் ஒரு தோள். அடுத்ததில் அரை மீசை. அப்புறம் ஒரு காது. "இது உங்க காதுதான் மாமா" என்றேன், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

மணப்பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது எங்களில் தாய்மாமன் முறை. அந்தப் படத்தைத் தேடித்தான் அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அது வந்தது. செல்வி முழுதாக இருந்தாள். ஓரத்திலிருந்து வாட்ச் கட்டிய கை ஒன்று மட்டும் நீண்டு அவளை இழுத்துக்கொண்டு போனது.

"இன்னாடா இது, கை மட்டும் கீது. நான் எங்கடா?"

"கை நல்லா விழுந்திருக்கு மாமா. வாட்ச்சுல மணிகூடத் தெரியுது."

(இதைச் சொன்ன வாயை இன்றும் நான்தான் சோறு போட்டு வளர்க்கிறேன்.)

"வேற பிரிண்ட் போட்டுக்கினு வாடா" என்றாள் அம்மா. அப்போதுதான் அசல் படங்களே இல்லை என்பதைச் சொல்ல வேண்டிவந்தது. போட்டோகிராபருக்குப் போன் செய்தேன். அந்தக் கார்டில் அதற்குள் வேறு யாரோ தாலி கட்டியிருந்தார்கள்.

மாமா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம். "பொண்ண இட்டுக்கினு வந்தது யாருன்னு நாளைக்கு எவனாச்சும் கேட்டா இன்னாத்த காட்டுவ?" என்று அம்மாவிடம் மட்டும் கேட்டுவிட்டு, வைத்த காபியைத் தொடாமல் கிளம்பிவிட்டார். எனக்கு அவமானத்தைவிட துக்கம்தான் அதிகமாக இருந்தது. அந்த வீட்டில் அப்பா இடத்தில் நின்ற மனிதரை ஒரு பொத்தானில் இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் பலாப்பழத்தைத் தூக்கினேன்.

"அதையாச்சும் வெட்டாம வைடா" என்றாள் அம்மா, அழுதுகொண்டே.

செல்விக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் மாமா மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று முதல் எந்த விசேஷத்திலும் கேமராவைக் கண்டால் நேராக நடுவில் போய் நின்றுகொள்கிறார். என் கல்யாணப் படங்களில் எனக்கும் என் மனைவிக்கும் இடையில் இருப்பது அவர்தான். யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை.

போன மாதம் செல்வியின் குழந்தைக்குக் காது குத்தினோம். இப்போது தாய்மாமன் நான். என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். ஆல்பத்தைச் செல்வியே தயார் செய்து கொண்டுவந்தாள். அட்டையில் மொட்டைத் தலையோடு குழந்தை அழுகிறது. அதன் வயிற்றைச் சுற்றி ஒரு கை. கழுத்துக்கு மேல் ஆளைக் காணோம்.

"செல்வி, நான் எங்க?" என்றேன்.

அவள் அதை மாமாவிடம் நீட்டினாள். மாமா ஆல்பத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார்.

"கை நல்லா விழுந்துகீதுடா" என்றார்.