தீர்மானிக்கப்படாத பாசம்

மண்ணூர்பேட்டையில் ஒரு மாடி அறையில் இரண்டு ஆண்கள் பதினோரு வருடம் குடியிருப்பதால் நாட்டின் பாதுகாப்புக்குக் குந்தகம் ஏதும் இல்லை. எத்திராஜும் ஜெயராமனும் அப்படித்தான் இருந்தார்கள். எத்திராஜ் அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆலை ஒன்றில் லேத் ஓட்டினார். ஜெயராமன் பக்கத்துப் பட்டறையில் பெயின்ட் அடித்தார். ஒரே ஸ்டவ், ஒரே சைக்கிள், ஒரே கொசுவலை. தெரு பார்த்தது. பார்த்துவிட்டுக் குழாயடிச் சண்டைக்குத் திரும்பிப் போனது.

பிறகு கேபிளில் அந்தத் தொடர் வந்தது.

அதில் பிரபு, சேகர் என்று இரண்டு நண்பர்கள். வியாழன்தோறும் மாலையில் பிரபு சேகரின் கையைப் பிடித்து, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்பான். வயலின் அழும். உடனே டெலிபோன் அடிக்கும். இல்லாவிட்டால் மாடு உள்ளே வரும். "அடுத்த வாரம் உண்மை வெளிப்படும்!" என்று கனத்த குரல் ஒன்று அறிவிக்கும். அறுபத்திரண்டு வாரமாக உண்மை வெளிப்பட்டுக்கொண்டே இருந்தது.

தன்னைப்போல் ஒருவனை டிவியில் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று எத்திராஜ் ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. வீட்டுக்காரப் பொன்னியம்மாவும் தவறவிடவில்லை என்பதுதான் வம்பு. என்றோ ஒருநாள் மாவாட்ட வந்து, இருபது வருடமாகத் திரும்பிப் போகாத வேம்புலியம்மாளோடு ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தாள்.

ஒருநாள் மாடிப்படியில் மறித்தாள். "இன்னா எத்திராஜி, நீங்க ரெண்டு பேரும் அந்தப் பிரபு, சேகர் மாதிரியா?"

"அவுங்க எப்படிம்மா?"

"அதான் தெர்லியே! இந்த வியாயக்கெயம சொல்றாங்களாம். தெருவுல ஆளாளுக்குக் கேக்குறாங்கப்பா. அது தப்பான சமாச்சாரமா இருந்தா நீங்க ஊட்டக் காலி பண்ணிக்கினு போய்டணும்."

எத்திராஜ் சாமானியப்பட்டவர் அல்ல. ஆலைக் கழிப்பறைக்குக் கதவு கேட்டு நாலு வருடம் போராடி வாங்கியவர். தாழ்ப்பாளுக்காக இன்னும் இரண்டு வருடம் போராடியவர். மனு எழுதி எடுத்துக்கொண்டு வேலப்பன்சாவடியில் படப்பிடிப்பு நடந்த பங்களாவுக்குப் போனார்.

கதை இலாகா மேலாளர் அப்பாவு மனுவை நின்றபடியே பெற்றுக்கொண்டார். நாற்காலியைக் காட்சிக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

"சார், பிரபுவும் சேகரும் யாரு?"

அப்பாவு கோப்பைப் புரட்டினார். "இதுல 'தீர்மானிக்கப்படாத பாசம்'னு இருக்கு."

"எப்ப தீர்மானிப்பீங்க?"

"சொல்லிட்டா குடும்பங்க பாக்காது. சொல்லவேமாட்டோம்னாலும் பாக்காது. அதனால சொல்லப்போறோம்னு சொல்றோம்."

"எங்கள மாதிரி ஆளுங்கள ஒழுங்காக் காட்டக்கூடாதா?"

"அநியாயமாப் பேசாதீங்க. மூணு பேரைக் காட்டியிருக்கோம்! ஒருத்தர் இடுப்பை ஆட்டிச் சிரிக்கவைப்பார். ஒருத்தர் கொலைகாரர். இன்னொருத்தர் ரொம்ப நல்லவர்; பதினஞ்சாவது வாரம் லாரியில அடிபட்டுட்டார்."

"சும்மா டீ குடிச்சிகினு, கரண்ட் பில் கட்டிகினு..."

"டீ குடிக்கறதா?" அப்பாவு முகம் சுளித்தார். "குழந்தைங்க பாக்கற நேரம் சார்."

ஆனாலும் மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்த வியாழக்கிழமையே உண்மை வெளிப்பட்டது. பிரபுவுக்கும் சேகருக்கும் முதுகில் ஒரே மாதிரி மச்சம்! ஒரு தாய் வயிற்றில் பிறந்து, திருவிழாவில் தொலைந்துபோன அண்ணன் தம்பி!

பொன்னியம்மா தேம்பித் தேம்பி அழுதாள். அதே வேகத்தில் மாடியேறி வந்தாள். "ஏம்ப்பா, நீங்களும் தொலஞ்சிபோன அண்ணன் தம்பிதானே? இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? ரெண்டு பேருக்கும் ஒரே ரேஷன் கார்டா எய்தி வாங்கியாங்க. தெரு வாய மூடிடும்."

"இல்லம்மா. நாங்க அண்ணன் தம்பி இல்ல. நாங்க..."

கீழே குக்கர் கூவியது. "அட, பருப்பு! அப்புறமாச் சொல்லு" என்று பொன்னியம்மா இறங்கி ஓடினாள். ஜெயராமன் எத்திராஜின் காலை மிதித்தார். "யோவ், பதினோரு வருசமா ஒரு கார்டு கெடைக்காதானு ஏங்குன. கெடைக்கறப்ப இன்னாத்துக்கு வாயத் தொறக்குற?"

குடும்ப அட்டை அலுவலகத்தில் அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"அப்பா பேரு வேற வேறயா இருக்கே?"

"தொலஞ்சிட்டோம் சார்."

"ஒரே அம்மா. ஆனா பிறந்தநாள் நாலு மாசம்தான் வித்தியாசம்?"

"பிரபுவுக்கும் சேகருக்கும் மூணு மாசம்தான் சார். எபிசோடு பன்னெண்டுலயும் இருபத்தஞ்சுலயும் கேக் வெட்டுனாங்க."

அதிகாரி யோசித்தார். முன்னுதாரணம் இருந்தது. முத்திரை விழுந்தது.

ஒரு சொல் கேட்டுப் போராடியவருக்கு ஒரு கார்டு கிடைத்தது. கதவு வந்தது, தாழ்ப்பாள் வரவில்லை. கசப்போடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வரிசை தெருமுனைவரை நீண்டிருந்தது. பட்டறை சூப்பர்வைசரும் அவர் நண்பரும் நின்றார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆளோடு மேலாளர் அப்பாவு நின்றார். ஒரே வாரத்தில் அம்பத்தூர் வட்டாரத்தில் இத்தனை பேர் தொலைந்து கிடைத்திருந்தார்கள். குடும்பப் பண்பாடு முழுமையாகக் காப்பாற்றப்பட்டிருந்தது.

கடைசியில் பொன்னியம்மா. கையில் விண்ணப்பம், பக்கத்தில் வேம்புலியம்மாள். உறவுமுறைக்கு எதிரே 'தங்கச்சி' என்று எழுதியிருந்தது.

எத்திராஜ் அவளையே பார்த்தார்.

"இன்னா அப்புடிப் பாக்குற? நீ போ, ஊட்டுக்கு" என்றாள் பொன்னியம்மா. பிறகு மெல்ல வேம்புலியம்மாளின் கையைப் பிடித்தாள்.

"வேம்புலி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

ஜன்னலுக்குள்ளிருந்து கனத்த குரல் ஒன்று கூப்பிட்டது.

"அடுத்தது!"