முதுகில் தட்டாமல் குதிக்கச் சொன்ன நாள்

பெரியவனான பிறகு பலர் பார்க்க நான் ஒரே ஒரு நாள்தான் குதித்தேன். சரியாகச் சொன்னால் அன்றைக்கும் பெரிதாகக் குதிக்கவில்லை. குதிக்கப் போய் வேறொன்றைச் செய்துவிட்டு வந்தேன். வருடங்கள் ஆகியும் என் வீட்டில் அதை யாரும் மறப்பதாக இல்லை. மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் எனக்கு மூட்டை தூக்கும் வேலை. பத்தாவது முடித்துவிட்டு உள்ளே போனவன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஆலையில் அது ஒரு குறையே இல்லை. முதுகில் மூட்டையோடு போகிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை.

எங்கள் வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு. தூக்குகிறவன் முழங்காலை மடக்கிக் குனிந்து நிற்பான். இரண்டு பேர் மூட்டையை எடுத்து அவன் பிடரிக்குக் கீழே வைப்பார்கள். மூட்டை சரியாக உட்கார்ந்ததும் அதில் ஒருவன் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டுவான். அது விழுந்த பிறகுதான் எழ வேண்டும். முந்திக்கொண்டு எழுந்தால் வைக்கிறவன் கை மாட்டும், இல்லாவிட்டால் எழுந்தவன் இடுப்பு போகும். (இரண்டையும் பார்த்திருக்கிறேன்.) எழுந்த பிறகு நிற்கக் கூடாது. நேராக நடந்து, மூட்டைகளை அடுக்கியிருக்கும் அட்டியில் கொண்டுபோய்ச் சாய்க்க வேண்டும்.

என் மகள் கோமதி உடற்கல்விப் படிப்பில் கடைசி வருடம் இருந்தபோது ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தினமும் பாரம் தூக்குகிறவர்கள் மற்றவர்களைவிட உயரமாகக் குதிப்பார்கள் என்று அவள் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டாள். வாத்தியாரிடமும் சொல்லிவிட்டாள். அதற்குச் சாட்சி யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

"உன்ன வுட்டா யாருப்பா இருக்காங்க? அவ்ளோ பெரிய மூட்டைய தூக்கிக்கினு பலகை மேல ஏர்ற. வெறும் ஒடம்ப தூக்க மாட்டியா?"

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

அதுவரை நான் அவள் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எந்தக் கூட்டமென்றாலும் என் மனைவி செல்விதான் போவாள். இப்போது மகளே என்னை வரச் சொல்கிறாள். வகுப்பு முழுக்க 'எங்க அப்பா, எங்க அப்பா' என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் தோற்றால் கெடுவது அவள் கட்டுரை மட்டுமல்ல. ஒரு மூட்டைக்காரனை அழைத்து வந்து காட்டிய அந்தப் பெண் நாளை அங்கே எப்படித் தலைநிமிர்ந்து போவாள்?

ஏழுமலையிடம் யோசனை கேட்டேன். ஆலையில் பல வருடமாக என் முதுகில் தட்டுகிறவன் அவன்தான்.

"மாமா, முந்தின நாளு ஒடம்ப சும்மா வுட்றாத. எறுகிப் பூடும். ஒரு லோடு ஜாஸ்தியா எறக்கு, காலு நல்லா தெறந்துக்கும்."

மகள் காரியமாயிற்றே என்று நான் இரண்டு லோடு இறக்கினேன். மறுநாள் காலையில் கால் திறக்கவில்லை. கட்டிலை விட்டு இறங்கவே செல்வி கை கொடுத்தாள்.

"குதிக்கத்தானங்க போறீங்க?" என்றாள்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு சுவர். விரலில் சுண்ணாம்புப் பொடி தடவிக்கொண்டு, நின்றபடி கையை நீட்டிச் சுவரில் ஒரு குறி வைக்க வேண்டும். பிறகு குதித்து இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவில் கோமதி நாடா பிடித்து அளப்பாள். எனக்கு முன்னால் குதித்தவள் கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண். எடை போட்டால் எங்கள் அரை மூட்டை தேறமாட்டாள். குதித்தாள் பாருங்கள், குறிக்கும் குறிக்கும் ஏறக்குறைய ஒரு முழம்.

"மலையில பாறைக்குப் பாறை குதிச்சிப் பழக்கமாம்மா?" என்றேன். (அங்கே போய் அதுவரை நானாகப் பேசிய ஒரே பேச்சு.)

"இல்லீங்கப்பா. எங்க ஊர்ல எல்லாரும் நடந்துதான் போவாங்க. இங்க வந்துதான் குதிக்கவே கத்துக்கினேன்."

நான் விரலில் சுண்ணாம்புப் பொடியைத் தடவிக்கொண்டேன்.

என் முறை வந்தது. முழங்காலை மடக்கினேன். மடக்கியதும் தலை தானாகக் குனிந்தது. சுண்ணாம்புக் கை தானாகப் பிடரிக்குப் போனது. அப்படியே நின்றேன்.

"குதிங்க" என்றார் வாத்தியார். காதில் விழுந்தது. ஆனால் அந்த உடம்பு ஒரு நாளும் வாய்ச்சொல் கேட்டு எழுந்ததில்லை. அது தட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நானும் அதனோடு காத்திருந்தேன்.

"கோமதி, உங்கப்பா இன்னா, சாமி கும்புட்றாரா?" என்று ஒரு பையன் கேட்டான்.

கோமதி பக்கத்தில் வந்தாள். "அப்பா, குதிப்பா" என்று மெதுவாகச் சொல்லி, முதுகில் தட்டினாள்.

எழுந்தேன். இல்லாத மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக நடந்தேன். எட்டு அடி போனபோது எதிரில் அட்டி இல்லை, கொடிக்கம்பம் இருந்தது. திரும்பி, மிகுந்த பொறுப்போடு கேட்டேன்:

"எங்கம்மா போட்றது?"

மைதானமே சிரித்தது. வாத்தியார் விசிலை வாயில் வைத்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். கோமதி மட்டும் சிரிக்கவில்லை. நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

மறுபடி குதிக்கச் சொன்னார்கள். குதித்தேன். நாலு விரல் அகலம் வந்தது.

"நேத்து ஓய்வு எடுத்தீங்களா?" என்று வாத்தியார் கேட்டார்.

"ரெண்டு லோடு எறக்கினேன் சார்."

"எதுக்கு?"

"காலு தெறக்கறதுக்கு."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு இழுக்கும் பலத்தை அளக்கிற ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள். அதில் ஒரு சங்கிலி, அதன் முனையில் இரும்புப் பிடி, இழுத்தால் நகரும் முள். பலகைமேல் ஏறிக் குனிந்தேன். கோமதி தானாக வந்து தட்டினாள்.

முள் முதலில் அசையவே இல்லை. பிறகு நகர்ந்தது. மாணவர்கள் இழுத்தபோது நின்ற எண்ணை அது தாண்டும்போது வாத்தியார் பேனாவை எடுத்தார்.

"இருங்க சார்" என்றாள் கோமதி. "இன்னும் போய்க்கினே இருக்குது."

முள் நின்றதும் அவர் எனக்கும் புரியும்படி சொன்னார். பலம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. அது எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது இன்னொன்று. குதிப்பவனுக்குத் தசை நாரெல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் ஒன்றாக விழிக்க வேண்டும். கீழே போனதும் உடனே எழும்ப வேண்டும். இழுத்த ரப்பரைப் பிடித்துக்கொண்டே நின்றால் அந்த எகிறல் போய்விடும். "உங்களுக்கு பலம் நிறைய இருக்கு. வந்து சேர நேரம் ஆவுது" என்றார். (பின்னால் இதைக் கேட்ட ஏழுமலை, "வெடுக்குனு எழுந்தா மூட்டை கீழ இல்ல இருக்கும்?" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான்.)

பஸ்ஸில் கோமதி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் தலைநிமிர்ந்து போன இடத்தில் நான் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா நடந்த?" என்றாள் திடீரென்று.

"நீ தட்டுனியேம்மா."

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். சிரிப்பு. கண்டக்டர் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தாள். "கொடிக்கம்பத்துக்கிட்ட போய் எங்க போட்றதுன்னு கேக்குற" என்று சொல்லி மறுபடி சிரித்தாள்.

கட்டுரையில் தன் எண்ணம் தவறு என்று அவளே எழுதினாள். ஏன் தவறு என்பதற்கும் நானே சாட்சி. தேறிவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது வேலை மறந்து நடுவில் நின்றால், "எங்கம்மா போட்றது?" என்று ஒருவர் கேட்காமல் விடுவதில்லை. நான் சோம்பி உட்கார்ந்தால் செல்வி முதுகில் தட்டிவிட்டுப் போவாள்.

போன வருடம் வெளியூர்ப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாகச் சேரக் கோமதி கிளம்பினாள். நாங்கள் மூவரும் பஸ் நிலையத்தில் நின்றோம். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவள் பையை முதுகில் மாட்டிக்கொண்டாள். ஏறவில்லை. எனக்கு முதுகைக் காட்டி லேசாகக் குனிந்து நின்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும்.

தட்டினேன். போனாள்.