வால்ட்டர் கூடாரத்து ஐந்தாவது செடி

மூன்றாவது செடியின் அடி இலைகள் மஞ்சளாகியிருந்தன. நேற்றுவரை பச்சையாகத்தான் இருந்தன என்று சந்தானத்துக்கு நிச்சயமாகத் தெரியும். ஆபீஸ் விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் தினமும் பார்க்கிறாரே.

இடம், பக்கத்து வீட்டு வால்ட்டரின் கராஜ். அதற்குள் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புத் துணிக் கூடாரம். ஜிப்பைத் திறந்தால் உட்புறமெல்லாம் வெள்ளித்தாள் பளபளப்பு, மேலே ஒரு பெரிய விளக்கு, ஓரத்தில் சின்ன ஃபேன், கீழே தொட்டிகளில் நான்கு கஞ்சாச் செடிகள். டாக்டர் கொடுத்த லெட்டரை பிளாஸ்டிக் உறையில் போட்டு வால்ட்டர் கூடாரத்தின் வாசலிலேயே தொங்கவிட்டிருந்தார். முதுகு வலிக்கு இதை வளர்த்துக்கொள்ளலாம் என்கிறது கலிஃபோர்னியா சட்டம். கூடவே கூடாது என்கிறது வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் சட்டம். கிரீன் கார்டு கொடுப்பது வாஷிங்டன். சந்தானத்துக்குத் தூக்கம் போனது இதனால்தான்.

கார்டு கடைசிக் கட்டத்தில் இருந்தது. கைரேகை கொடுத்தாயிற்று. "ஒரு ஸ்பீடிங் டிக்கெட் கூட வாங்கிடாதீங்க" என்று லாயர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து 680 ஃப்ரீவேயில் சந்தானம் போகிற வேகத்தைப் பார்த்து, முதியோர் இல்லத்து வேன்கூட ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனது. ஆபீஸிலோ பாதி இருக்கைகள் காலி. வேலை போவதற்குள் கார்டு வந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவருடைய அந்த வருடத்துப் பிரார்த்தனை.

அப்படிப்பட்ட மனிதர் கஞ்சாவுக்குத் தண்ணீர் ஊற்ற நேர்ந்ததற்குக் காரணம், அதே கூடாரத்தின் மூலையில் இருந்த ஐந்தாவது செடி. அது கறிவேப்பிலை. மன்னார்குடியில் அம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து வேரோடு எடுத்து, ஈரத்துணி சுற்றி, பட்டு ரவிக்கைக்குள் மடித்து, ஹேண்ட்பேக்கில் வைத்து மனைவி ஜலஜா கொண்டுவந்த கன்று. சான் ரமோனில் யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் கேக் வெட்டி முடிப்பதற்குள் இந்தக் கதையைச் சொல்லிவிடுவாள். குளிர் வந்ததும் கன்று இலை உதிர்க்க ஆரம்பித்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த வால்ட்டர், என் கூடாரத்தில் கதகதப்பாக இருக்கும், கொண்டுவந்து வை என்றார். பதிலுக்கு வாரம் தவறாமல் சாம்பார் போயிற்று.

இப்போது வால்ட்டர் இடுப்பு ஆபரேஷன் முடிந்து, ஒரேகனில் மகள் வீட்டில் படுத்திருக்கிறார். திரும்பி வரும்வரை செடிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"முடியாதுன்னு சொல்லிடலாம் ஜலஜா. கார்டு வரட்டும், அப்புறம் பரோபகாரம் பண்ணலாம்."

"முடியாதுன்னு சொன்னா என் கறிவேப்பிலை எங்க போகும்? மனுஷன் வலியில கிடக்கறார். ஒரு சொம்பு தண்ணி ஊத்தறதுக்கும் லாயரைக் கேக்கணுமா?"

ஊற்றினார். இப்போது இலை மஞ்சள்.

வால்ட்டருக்கு போன் போட்டார். யாராவது ஒட்டுக்கேட்டால் என்ன செய்வது என்று, செடி என்ற சொல்லையே தவிர்த்து, "உங்க வீட்டு நாலு பேர்ல ஒருத்தருக்குக் காமாலை மாதிரி தெரியுது" என்றார்.

"என் வீட்ல நாலு பேர் இருக்காங்களா?" என்றார் வால்ட்டர்.

சந்தானம் விளங்கவைத்ததும் அவர் நிதானமாகச் சொன்னார். மண்ணைத் தொட்டுப் பார்; காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடு. வலி மாத்திரை என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஊருக்கு வந்தால் அந்த நான்கையும்தான் நம்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

சந்தானம் ஆள்காட்டி விரலின் நுனியால் மண்ணைத் தொட்டார். விளக்குச் சூட்டில் மேல்மண் புழுதியாகத்தான் இருந்தது. பாவம், தாகம் என்று முடிவு செய்து, அடியில் வழியும்வரை ஊற்றினார். மறுநாளும் மேலே தொட்டார், காய்ந்திருந்தது, ஊற்றினார். வார இறுதியில் நான்கு செடிகளும் மஞ்சளாகி, மழையில் நனைந்த குடை போலத் தொங்கின.

"சத்து பத்தலை" என்றாள் ஜலஜா. "புளிச்ச மோர் ஊத்துங்க. கறிவேப்பிலைக்கு நான் அதானே ஊத்தறேன், எப்படித் துளிர் விட்டிருக்கு பாருங்க."

சந்தானம் யோசித்தார். வேறு யாரைக் கேட்பது? ஒரு டப்பா தயிரைக் கடைந்து, வெயிலில் வைத்துப் புளிக்கவிட்டு, நான்குக்கும் சமமாகப் பங்கிட்டு ஊற்றினார். அடுத்த நாள் ஜிப்பைத் திறந்தபோது கல்யாண வீட்டின் பின்கட்டு வாசனை அடித்தது. அதற்கடுத்த நாள் கொசு மாதிரி சின்னச் சின்னப் பூச்சிகள் மண்ணிலிருந்து கிளம்பி முகத்தில் மோதின.

பூச்சிக்கு வேப்பெண்ணெய். சன்னிவேல் இந்தியக் கடையில் வாங்கி, பாத்திரம் கழுவும் சோப்பில் கலந்து, இலை சொட்டச் சொட்ட அடித்தார். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. எண்ணெய்ப் பூச்சும் விளக்குச் சூடும் சேர்ந்ததில் இலைகள் ஓரம் கருகி அப்பளமாக மடங்கின. பூச்சிகள் சுகமாக இருந்தன.

வேறு வழியில்லாமல், இப்படிக் கூடாரத்தில் வளர்ப்பவர்களுக்கு விளக்கும் உரமும் விற்கும் கடை ஒன்றை ஹேவர்டில் தேடிப் போனார். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தார். கழுத்தில் ஆபீஸ் பேட்ஜ் தொங்குவதைக் கடைக்குள் நுழைந்த பிறகுதான் கவனித்தார். குடுமி போட்ட பையன் ஒருவன் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டான்.

"தக்காளி."

"இங்க எல்லாரும் தக்காளிதான் சார்" என்றான் அவன் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மண்ணில் என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். மோர் என்பதை ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பையன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு, மண்ணை நன்றாக அலசிவிடுங்கள், தொட்டிக்கு நாலைந்து பக்கெட் ஊற்றலாம் என்றான். ஊற்றினார். கொஞ்சமாவது நிமிர்ந்திருந்த கடைசிச் செடியும் அன்றைக்குப் படுத்துக்கொண்டது.

இதற்குமேல் மறைத்துப் பயனில்லை என்றது மனசாட்சி. மறைக்காவிட்டால் கார்டு இல்லை என்றது மூளை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கிடைத்தது. கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், தோட்டக்காரர்களுக்கென்று நடத்தும் இலவச உதவி போன் ஒன்று உண்டு. ஒரு பெண்மணி எடுத்தார். நண்பருடைய தக்காளி என்று ஆரம்பித்தார் சந்தானம். இலை எப்படி இருக்கிறது என்று கேட்டார் அந்த அம்மாள்.

"ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி. ஒரு காம்புல ஏழு விரல் விரிச்ச மாதிரி."

"தக்காளியா?"

சந்தானம் பேச்சை மாற்றக் கையில் கிடைத்த ஒரே நல்ல செடியைப் பிடித்துக்கொண்டார். அது கிடக்கட்டும், பக்கத்தில் எங்கள் கறிவேப்பிலை இருக்கிறது, துளிர் கொஞ்சம் சுருண்டிருக்கிறது, வெள்ளையாக மெழுகு நூல் தொங்குகிறது, தலையைக் கீழே வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி நமஸ்காரம் பண்ணுகிற மாதிரி குட்டிப் பூச்சிகள் உட்கார்ந்திருக்கின்றன என்றார்.

போனின் அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் பூச்சியைப் பற்றி மறுபடி சொல்லச் சொன்னார். அக்கம்பக்கத்தில் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்கள் உண்டா என்று கேட்டார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உண்டு என்றார் சந்தானம். பொய் சொல்லத் தேவையில்லாத கேள்விகளாக வந்ததில் அவருக்கு உற்சாகமாகிவிட்டது. பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். செடி இருக்கும் விலாசத்தையும் சொன்னார்.

"சனிக்கிழமை காலையில ஆள் வந்து பார்ப்பாங்க" என்றார் அந்த அம்மாள். "அதுவரைக்கும் செடியை நகர்த்தாதீங்க."

போனை வைத்த பிறகுதான், அது வால்ட்டரின் கராஜ் விலாசம் என்பது அவருக்கு உறைத்தது.

"நாலையும் நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்துடட்டுமா?" என்று ஜலஜாவைக் கேட்டார்.

"சாமி இருக்கற வீட்டுக்கா? அதுக்கு பதிலா கறிவேப்பிலையை இங்க கொண்டு வாங்க. வர்றவங்க அதைத்தானே பாக்கப் போறாங்க. நம்ம எலுமிச்சை பக்கத்துல வெச்சுடலாம்."

சரியான யோசனைதான். சனிக்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன் முடித்துவிடலாமென்று, சந்தானம் தொட்டியை இரு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கராஜிலிருந்து வெளியே வந்தார். புல்தரையைப் பாதி கடந்திருப்பார். அரசாங்க முத்திரை போட்ட வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. சீருடையில் ஒரு பெண் இறங்கினாள். பின்கதவைத் திறந்தாள். ஒரு நாய் இறங்கியது.

நாயைக் கண்டதும் சந்தானத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அது நேராக வந்து அவரை மோந்து பார்த்தது. கூடாரத்துக்குள் உரசிய பேன்ட் அல்லவா.

"ஆஃபீசர், எல்லாம் வால்ட்டரோடது" என்றார். "டாக்டர் லெட்டர் இருக்கு. தண்ணி ஊத்தினது மட்டும்தான் நான். மோர் என் வொய்ஃபோட ஐடியா."

அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே கராஜுக்குள் அழைத்துப் போனார். இரண்டு விரலை மட்டும் விடுவித்து ஜிப்பை இறக்கிக் காட்டினார். கையிலிருந்த தொட்டியைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவள் லெட்டரைப் படித்தாள். ஒரு தொட்டியில் விரலை முழுக்க விட்டுப் பார்த்தாள். வேர் அழுக ஆரம்பித்திருக்கிறது, மண் காயும்வரை தண்ணீரே காட்டாதீர்கள், பிழைத்துக்கொள்ளும் என்றாள்.

சந்தானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வால்ட்டருக்கு மருந்து பிழைத்தது. திட்டவில்லை, விலங்கு மாட்டவில்லை. மூச்சிரைக்க ஓடிவந்த ஜலஜாவிடம், நாம் எப்படிப்பட்ட குடும்பம் என்று இந்த அம்மாளுக்குத் தெரியட்டும், கறிவேப்பிலைக் கதையைச் சொல்லு என்றார்.

ஜலஜாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மன்னார்குடிக் கொல்லை, ஈரத்துணி, பட்டு ரவிக்கை, ஹேண்ட்பேக் என்று வரிசை தவறாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். சான் ஃப்ரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் இதே மாதிரி ஒரு நாய் வந்ததையும், தான் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து காட்டி அதைத் திசைதிருப்பியதையும்கூட விடவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள்.

நாய் கஞ்சாச் செடிகள் நான்கையும் திரும்பிப் பார்க்காமல் கடந்து வந்து, சந்தானத்தின் கையிலிருந்த தொட்டிக்கு நேர் கீழே சப்பணம் போட்ட மாதிரி உட்கார்ந்தது. அந்தப் பெண் காரிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து பிரித்தாள்.

"அந்த நாலுக்கும் டாக்டர் லெட்டர் இருக்கு, சரி" என்றாள். "நாங்க விவசாயத் துறை. ஊர்ல இருக்கற ஆரஞ்சு மரத்தையெல்லாம் கொல்ற பூச்சியைத் தேடி வந்தோம். அது உட்கார்ந்திருக்கற செடியே திருட்டுத்தனமா நாட்டுக்குள்ள வந்ததுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. நீங்க கட்டிப் பிடிச்சிருக்கீங்களே, இதுக்கு லெட்டர் இருக்கா?"