கிரேன் அண்ணன் இழுத்த வஞ்சிரம்

ஓமன் கடலில் நீந்தும் வஞ்சிரங்களில் பாதிக்குக் கிரேன் அண்ணனை நேரில் தெரியும். மீதிப் பாதி அவரைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சிரித்திருக்கும். எட்டு வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் கரையில் நின்று தூண்டில் வீசியவரிடம் ஒன்றுகூட மாட்டவில்லை என்றால், அவை கூடிப் பேசி முடிவெடுத்திருக்கின்றன என்றுதானே அர்த்தம்?

அவருக்கு ஒரு பெயர் இருந்தது, விசாவில். ரூவியில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த ஃப்ளாட்டில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. ஐம்பது டன் கிரேன் ஓட்டுபவர், அதனால் கிரேன் அண்ணன். ஊர் பெரம்பலூர் பக்கம். அங்கே அலையைப் பார்க்க வேண்டுமானால் மக்காச்சோளக் காட்டில் காற்றடிக்க வேண்டும்.

குளிர் தொடங்கியதும் மத்திக் கூட்டம் கரையோரம் ஒதுங்கும். அதைத் துரத்திக்கொண்டு வஞ்சிரம் வரும். கடற்பறவைகள் ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் கீழே விருந்து நடக்கிறதென்று பொருள். விடிகிற நேரத்தில் அரை மணிதான் அது. மற்றவர்கள் ஓடிப்போய் வீசுவார்கள். அண்ணன் முதலில் தன்னைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை டேப் கட்டுவார். காற்றின் வேகம் பார்ப்பார். அப்புறம் எங்களை வரிசையில் நிறுத்திப் பாதுகாப்பு உரை நிகழ்த்துவார்.

“ஹெல்மெட் எங்கப்பா?”

“அண்ணே, பீச்சுக்கு வந்திருக்கோம்.”

“தலையும் வந்திருக்குல்ல?”

யாழ்ப்பாணத்துக்காரரான நேசன் அண்ணாதான் எங்களைக் காரில் கூட்டி வருபவர். மணலில் உட்கார்ந்தபடி என்னைக் கேட்பார்: “தம்பி, இவர் மீன் பிடிக்கிறாரோ, கப்பலில இருந்து சாமான் இறக்குறாரோ? அங்க பறவையள் எல்லாம் சாப்பிட்டு முடிச்சுப் போட்டுது.”

எல்லாச் சட்டங்களுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. கையால் சைகை காட்டும் சிக்னல்மேன் இல்லாமல் அண்ணன் தூண்டில் ரீலைத் தொட மாட்டார். “ஆப்பரேட்டர் சரக்கப் பாக்கக் கூடாது. பாத்தா ஆசை வரும், ஆசை வந்தா கை தப்பும். சிக்னல்மேன மட்டும்தான் பாக்கணும்.” எனவே, சேஃப்டி டிரெய்னியாக வந்து சேர்ந்த நாளிலிருந்து நான் ஒரு பாறைமேல் நிறுத்தப்பட்டேன். விரலை மேலே காட்டிச் சுற்றினால் இழுப்பார். கீழே காட்டிச் சுற்றினால் விடுவார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ஆட்டினால், உலகமே அழிந்தாலும் நிறுத்திவிடுவார்.

இந்தக் கூத்தில் ஒரு மீனும் மாட்டுவதில்லை என்பது ஊரிலிருந்த அவர் மனைவி செல்வி அக்காவுக்குத் தெரியாதென்று நம்பினோம். திரும்பும் வழியில் மீன் மார்க்கெட்டில் ஒரு வஞ்சிரம் வாங்குவார். அதைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். எங்களில் ஒருவர் எடுக்கும் போட்டோ அடுத்த நிமிடம் பெரம்பலூர் போய்விடும். எட்டு வருடம் நிம்மதியாகத்தான் ஓடியது. அப்புறம் அக்காவுக்கு ஒரு மாத விசிட் விசா வந்தது.

“நீங்க புடிக்கிறத எங்கண்ணால பாக்கணும்” என்றார் அக்கா போனில். அண்ணனுக்கு வியர்த்துவிட்டது.

“ஒரே ஒரு மீனு போதும்டா. அவகிட்ட சொன்ன பொய்யில இது ஒண்ணையாவது நெசமாக்கிடணும்.”

“வேற என்னண்ணே பொய் சொன்னீங்க?”

“இங்க நல்லாருக்கேன்னு.”

அக்கா வந்த முதல் வெள்ளி, பறவையே இல்லை. இரண்டாவது வெள்ளி, காற்று அதிகமென்று அண்ணனே வேலையை நிறுத்திவிட்டார். மூன்றாவது வெள்ளி ராடு வில்லாக வளைந்தது. வெள்ளிப் பாளமாக ஒரு வஞ்சிரம் தண்ணீருக்கு மேலே துள்ளியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கைகள் இரண்டையும் விரித்து ஆட்டி ஆட்டிக் குதித்தேன்.

அண்ணன் ரீலிலிருந்து கையை எடுத்தார். தூண்டில் நரம்பு தொய்ந்தது. மீன் முள்ளைத் துப்பிவிட்டுப் போயேபோய்விட்டது.

“ஏண்ணே நிறுத்துனீங்க?”

“நீதானடா ஸ்டாப் காட்டுன!”

“சந்தோசத்துல ஆட்டுனேண்ணே!”

“சந்தோசத்துக்குன்னு எந்தப் புத்தகத்துலடா சிக்னல் இருக்கு?”

நான்காவது வெள்ளிதான் கடைசி. மறுநாள் அக்காவுக்கு ஃப்ளைட். என் கைகள் இரண்டும் பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டுமென்று உத்தரவு. அக்கா சேலையைச் செருகிக்கொண்டு பாறைமேல் ஏறினார்.

“நான் காட்டுறேன்.”

“உனக்கு இதெல்லாம் தெரியுமா?”

“எட்டு வருசமா போன்ல வேறென்ன பேசினீங்க?”

பறவைகள் விழுந்தன. ராடு வளைந்தது. அக்காவின் விரல் மேலே சுழன்றது, கீழே சுழன்றது, மறுபடி மேலே. மீன் துள்ளியபோது நேசன் அண்ணா, “ஐயோ, அங்க பாருங்கோ!” என்று அலறினார். அண்ணன் பார்க்கவில்லை. அத்தனை நேரமும் கடலுக்குப் பக்கவாட்டில் நின்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இழுத்தார். கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரம் கரைக்கு வந்தது.

அக்கா குனிந்து அதைப் புரட்டிப் பார்த்தார். “இதுதான் நெசம். போட்டோல வர்ற மீனுக்கெல்லாம் வயிறு கிழிச்சிருக்கும்.”

நாங்கள் மூவரும் மணலைப் பார்த்தோம்.

“தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?” என்றார் அண்ணன்.

“மீன யாரு பாத்தா? வாரத்துக்கொரு நாளாச்சும் சிரிக்கிறீங்களேன்னு பாத்தேன்.”

மறுநாள் விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவைத் தாண்டிய பிறகு அக்கா திரும்பினார். டாட்டா காட்டவில்லை. ஒரு விரலை மேலே உயர்த்திச் சுற்றினார். இழு.

அண்ணன் இப்போது ஃபேமிலி விசாவுக்கு அலைந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு பேப்பராக நகர்கிறது. இந்த முறை எதுவும் தப்பிவிடக் கூடாது. அதனால் அவர் நல்ல செய்தி சொல்லும்போதெல்லாம், நான் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன்.